வெயிட்டிங் லிஸ்டில் முதல் பெயர்

எக்ஸ்ரே படத்தை அவசரப்பட்டுக் காயவைக்கக் கூடாது, இன்ஸ்பெக்டர் ஐயா. மின்விசிறிக்கு நேராகத் தொங்கவிட்டால் தூசி ஒட்டிக்கொள்ளும். வெயிலில் வைத்தால் ஓரம் சுருண்டுவிடும். நிழலில், ஒன்றோடொன்று உரசாமல், கிளிப்பில் மாட்டிக் கம்பியில் தொங்கவிட வேண்டும். செப்டம்பர் மாதமானால் இரண்டு மணி நேரம் பிடிக்கும். மேற்குத் தாம்பரத்தில் டாக்டர் துரைராஜின் கிளினிக்கில் பதினேழு வருடம் இந்த வேலையைத்தான் செய்தேன். என் கையில் ஒரு படம்கூடப் பாழானதில்லை.

என் கைப்பட எழுதிக் கொடுக்கச் சொல்லிக் காகிதமும் பேனாவும் தந்தீர்கள். நல்லதாயிற்று. வாயால் சொன்னால் ஏட்டையா அவருக்குப் புரிந்தபடி எழுதுவார். எனக்கு எதிலும் ஒழுங்கு வேண்டும். என் பெயர் ஏசுதாசன். வயது ஐம்பத்திரண்டு. மனைவி ரத்தினபாய். ஒரே மகள் ஹில்டா, மருத்துவக் கல்லூரியில் கடைசி வருடம். அவள் அங்கே எப்படிச் சேர்ந்தாள் என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

1967-இல் ஹில்டா பி.யூ.சி. முடித்தாள். நல்ல மார்க். கல்லூரியின் பெயரை நான் இழுக்கப் போவதில்லை, அவர்கள்மேல் தப்பில்லை. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கென்று அங்கே பத்து இடம் ஒதுக்கியிருந்தார்கள். மார்க்கையும் நேர்முகத்தையும் கூட்டிப் பட்டியல் போடுவார்கள். நேர்முகத்தில் ஒருவர், “அப்பா என்ன செய்கிறார்?” என்று கேட்டிருக்கிறார். “எக்ஸ்ரே டெக்னீஷியன்” என்றிருக்கிறாள். “ஓகோ, போட்டோ பிடிக்கிறவரா” என்று அவர் சிரித்தாராம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு ஹில்டாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து வருடம் கழித்து இதை எழுதும்போதும் வரவில்லை.

அறிவிப்புப் பலகையில் பத்துப் பெயர் ஒட்டினார்கள். அதற்குக் கீழே வெயிட்டிங் லிஸ்ட் என்று தலைப்புப் போட்டு ஐந்து பெயர். அந்த ஐந்தில் முதல் பெயர் ஹில்டா. பத்தாவது பெண்ணுக்கும் அவளுக்கும் ஒன்றரை மார்க் வித்தியாசம்.

பலகையில் பெயர் வராமலே போயிருந்தால் ஒரு வாரம் அழுதிருப்போம், பிறகு வேறு வேலையைப் பார்த்திருப்போம். வெயிட்டிங் லிஸ்டில் முதல் பெயர் அப்படி விடாது. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்திருப்பேன். ரத்தினபாய் முழங்காலிலேயே கிடந்தாள். ஞாயிறு ஆராதனையில் போதகர் எங்கள் மகளுக்காக ஜெபிக்கச் சொன்னார். ஒரு இடம் காலியாக வேண்டும் என்று சபையே ஜெபித்தது. இடம் காலியாவதென்றால் யாரோ ஒரு பெண் வெளியே போக வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. எனக்குத் தோன்றியது.

ஹில்டா மட்டும், “விடுங்கப்பா, பி.எஸ்ஸி. சேர்ந்துக்கறேன். டீச்சரானா என்ன குறைச்சல்?” என்றாள். பதினேழு வயதுப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் மின்சார ரயிலேறி அந்தக் கல்லூரி அலுவலகத்துக்குப் போவேன். லோகநாதன் என்று ஒரு குமாஸ்தா. பட்டியலை வைத்திருப்பவர் அவர்தான். நல்ல மனிதர், கையூட்டுக்கு வாய் பிளக்காதவர். மூன்றாவது சனிக்கிழமை என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போய்ச் சொன்னார்.

“சார், நீங்க சும்மா சும்மா வர்றது எனக்கே பேஜாரா கீது. எங்க லிஸ்டை நாலே நாலு விஷயம்தான் நகர்த்தும். சாவு, கல்யாணம், எஞ்சினியரிங் சீட்டு, ஃபிட்னஸ். பொண்ணுங்க எஞ்சினியரிங் போறதில்லை. மீதி மூணுல ஏதாவது நடந்தா உங்களுக்குத் தந்தி வரும். செப்டம்பர் முப்பதோட லிஸ்டு குளோஸ். அப்புறம் சீட்டு காலியாவே கெடந்தாலும் யாரையும் கூப்பிட மாட்டோம்.”

“அடுத்த வருஷம்?”

“அடுத்த வருஷம் புது லிஸ்டு சார். இந்த நம்பருக்கு அங்க மதிப்பே கெடையாது.”

திரும்பி வரும்போது ரயிலில் அந்த மூன்றையும் யோசித்துப் பார்த்தேன். முதலாவதை நான் நினைத்தும் பார்க்கவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை, ஐயா. இரண்டாவது என் கையில் இல்லை. மூன்றாவதைப் பற்றி விளக்க வேண்டும். சேருகிற ஒவ்வொரு பெண்ணும் உடல் தகுதிச் சான்றிதழ் கொண்டுபோக வேண்டும். அதோடு நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றும் கட்டாயம். நெஞ்சில் காசநோய் தெரிந்தால் சேர்க்க மாட்டார்கள். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் யாரானாலும் படத்துக்கு எங்கள் கிளினிக்குக்குத்தான் வருவார்கள்.

செப்டம்பர் 13, புதன்கிழமை, பட்டியலில் ஏழாவது பெண் வந்தாள். கீழ்க்கட்டளை ஜெயவேலுவின் மகள் கிளியம்மாள். ஏரிப் பாசனத்தில் நாலைந்து காணி நெல் வைத்திருந்த குடும்பம். அந்த ஊரிலேயே பி.யூ.சி. தேறிய முதல் பெண். ஹில்டாவைவிட மார்க் அதிகம். அதை நான் மறைக்கவில்லை. ஜெயவேலு மகளுக்கு முன்னால் உள்ளே வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

“எங்க புள்ள டாக்டருக்குப் படிக்கப் போவுது சார். நெஞ்சைப் படம் புடிச்சாரச் சொல்லிக்கீறாங்க. நல்லா புடிச்சிக் குடுங்க.”

அந்தப் பெண் சுவரிலிருந்த எல்லா அறிவிப்பையும் படித்துக்கொண்டிருந்தாள். எக்ஸ்ரே எப்படி உடம்புக்குள் போகிறது என்று என்னிடம் கேட்டாள். ஹில்டா ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. மிஷின் பழுது, சனிக்கிழமை காலை வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். மிஷினுக்கு ஒன்றுமில்லை. எனக்கு மூன்று நாள் தேவைப்பட்டது.

என்ன தேவை என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதே வயதுக்குப் பக்கத்தில், அதே உடல்வாகில், நோயுள்ள ஒரு பெண். ஆண் படம் ஆகாது. கிழவி படம் ஆகாது. பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை செல்லியம்மாள் வந்தாள். குரோம்பேட்டையில் தோல் ஷெட்டில் வேலை. இருபத்திரண்டு வயது. இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை. சாயங்காலமானால் ஜுரம், எச்சிலில் சிவப்பு. இந்த நோயாளிகள் படியேறும்போது மூச்சு வாங்குவதைப் பார்த்தே நான் சொல்லிவிடுவேன். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிக்கொண்டு, அவளையும் சனிக்கிழமை காலை வரச் சொன்னேன். ஒருநாள் கூலி போகுமே என்று முகம் சுண்டினாள். ஆனாலும் வந்தாள்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கிளியம்மாள் படம். ஒன்பதே காலுக்குச் செல்லியம்மாள் படம். பதிவேட்டிலும் அடுத்தடுத்த எண்கள். இருட்டறையில் இரண்டையும் கழுவி எடுத்தேன். செல்லியம்மாளின் படத்தில் வலது பக்கம் மேலே ஐந்து பைசா அகலத்தில் ஓட்டை விழுந்திருந்தது. கிளியம்மாளின் நெஞ்சு துடைத்து வைத்த கண்ணாடி. செல்லியம்மாள் படத்தில் ஓட்டை இல்லாவிட்டால் விட்டிருப்பேன், ஐயா. கடவுள் சித்தம் அதில் தெரியட்டும் என்றுதான் இருந்தேன். தெரிந்துவிட்டது.

எங்கள் கிளினிக்கில் ஈரப் படத்தின் கிளிப்பில் பெயரெழுதிய காகிதத் துண்டு ஒன்றைச் செருகுவோம். படம் காய்ந்த பிறகு அந்தத் துண்டைப் பார்த்து ஓரத்தில் வெள்ளை மையால் பெயர் எழுதுவோம். நான் செய்தது இவ்வளவுதான்: இரண்டு துண்டுகளை இடம் மாற்றிச் செருகினேன். இரண்டு மணி நேரம் கழித்து அதன்படி எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

மத்தியானம் டாக்டர் படங்களைப் பார்த்தார். கிளியம்மாள் பெயருள்ள படத்தைப் பார்த்ததும் அவளைக் கூப்பிட்டு நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். நெற்றியைச் சுருக்கினார். “சத்தம் சுத்தமா இருக்கே ஏசுதாசன். இன்னொரு படம் எடுத்துப் பார்த்துடலாமா?” என்றார்.

“பெட்டியில ஆறு பிலிம்தான் இருக்கு சார். அடுத்த பெட்டி எப்போ வரும்னு தெரியலை” என்றேன். அது உண்மை. அந்த வருடம் பிலிமுக்கு அப்படி ஒரு பஞ்சம். தினமும் சாயங்காலம் டாக்டரே பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்ப்பார். நேற்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். செல்லியம்மாளை இரண்டு படம் எடுத்து, ஒன்றை அவளுக்கே கொடுத்திருக்கலாமே, அவளாவது வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பாளே என்று. நியாயமான கேள்வி. ஒரு பிலிம் குறைந்தால் டாக்டர் கேட்பார். அதனால் முடியவில்லை.

டாக்டர் தகுதிச் சான்றிதழ் தரவில்லை. ஜெயவேலு அந்தப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கல்லூரிக்கே போய்க் கெஞ்சியிருக்கிறார். அங்கேயும் படத்தைப் பார்த்தார்கள்; தற்காலிகமாகத் தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை எங்களுக்குத் தந்தி வந்தது. மூன்று நாளுக்குள் அசல் சான்றிதழ்களோடு வரவும். ரத்தினபாய் தந்தியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். ஞாயிற்றுக்கிழமை போதகர் ஜெபம் கேட்கப்பட்டது என்று அறிவித்தார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நான் பதினைந்து ரூபாய் காணிக்கை போட்டேன்.

செல்லியம்மாள் விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவள் படத்தையும் டாக்டர் பார்த்தார். சுவாசக் குழாயில் சளி என்று சொல்லி மருந்து எழுதினார். படத்தை உறையில் போட்டுக் கொடுத்தது நான்.

“அண்ணா, நெஞ்சுல ஒண்ணும் இல்லியே? கைக்கொயந்த கீது எனக்கு. நெஜத்தைச் சொல்லு” என்றாள்.

“ஒண்ணும் இல்லைம்மா. படம் சுத்தமா இருக்கு” என்றேன்.

அவள் கையில் இருந்த படம் சுத்தமாகத்தான் இருந்தது. என் முன்னாலேயே குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுத்தாள். வாயோடு வாய் வைத்து. அப்படிச் செய்யக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

நவம்பரில் மறுபடி வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். டாக்டர் ஊரில் இல்லை. அந்தப் படத்தை மடியிலிருந்து எடுத்துக் காட்டி, “நீ ஒண்ணும் இல்லேன்னு சொன்னியேண்ணா, இருமல் வுட மாட்டேங்குதே” என்றாள். ஹில்டா கல்லூரியில் சேர்ந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. பட்டியலும் மூடியாகிவிட்டது. அப்போதாவது அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை என்று எழுதினால் பொய்யாகும். தோன்றியது. போனால் புதுப் படம் எடுப்பார்கள், பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். இருமல் மருந்து ஒரு பாட்டில் கொடுத்து அனுப்பினேன். பிப்ரவரியில் இறந்துபோனாள். மார்ச்சில் அவள் கணவன் சம்பந்தம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான், அதற்கும் இருமல். அந்தக் குழந்தையின் படத்தை நான் மிகக் கவனமாக எடுத்தேன். சரியான பெயரைத்தான் எழுதினேன். காசு வாங்க வேண்டாம் என்று டாக்டரிடம் சொன்னதும் நான்தான். அந்தக் குழந்தை பிழைத்துவிட்டது. இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

கிளியம்மாளுக்கு வைத்தியம் எங்கள் கிளினிக்கிலேயே நடந்தது. தினமும் ஒரு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, கைநிறைய மாத்திரை. கீழ்க்கட்டளையிலிருந்து அப்பாவும் மகளும் வருவார்கள். சளியில் கிருமி தென்படவில்லை. டாக்டர், படம்தான் சாட்சி, படம் பொய் சொல்லாது என்றார். இரண்டு மாதம் போனதும் ஒருநாள் அவள் என்னிடம், “சார், காதுக்குள்ள எந்நேரமும் கூவுது. நிக்க சொல்லோ தரை சாயுது” என்றாள். நான் டாக்டரிடம் சொன்னேன். அந்த ஊசி சிலருக்குக் காதைத் தாக்கும்தான், நோய் பெரிதா, காது பெரிதா என்றார் அவர். தொண்ணூறு ஊசியும் போட்டு முடிந்தபோது, பின்னாலிருந்து கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை.

டிசம்பரில் மறுபடி படம் எடுத்தோம். அவளுடைய சொந்தப் படம். சுத்தமாக இருக்காமல் எப்படி இருக்கும்? டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு குணத்தைப் பார்த்ததே இல்லை என்று இரண்டு படங்களையும் ஜெயவேலுவிடம் கேட்டு வாங்கி, நோயாளிகள் உட்காருகிற அறையில் விளக்குப் பெட்டியில் மாட்டிவைத்தார். ‘வைத்தியத்துக்கு முன்’, ‘வைத்தியத்துக்குப் பின்’. அந்த எழுத்தும் என்னுடையதுதான். ஜெயவேலு டாக்டர் காலில் விழுந்து கும்பிட்டார். பொங்கலுக்குப் புது நெல் அரிசி கொண்டுவந்தார். எங்கள் வீட்டுக்கும் ஒரு மரக்கால் வந்தது. ஹில்டா விடுமுறைக்கு வந்திருந்தாள். அதைத்தான் பொங்கினோம்.

கிளியம்மாள் அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கவில்லை. காது கேட்காதவளை எந்தக் கல்லூரி எடுக்கும்? நெஞ்சு நோய்க்காரி என்று பெண் கேட்டும் யாரும் வரவில்லை. கீழ்க்கட்டளையில் மாடு கன்றைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள் என்று கேள்வி. விசாரிக்க நான் போகவில்லை. போய் என்ன சொல்வது?

அந்த இரண்டு படங்களும் ஐந்து வருடம் அங்கே தொங்கின. பட்டணத்திலிருந்து வந்த டாக்டர்கள் நாலைந்து பேர் நின்று பார்த்துவிட்டு, துரைராஜின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். நான் தினமும் அதன் கண்ணாடியைத் துடைத்தேன். எனக்குப் படம் எடுக்கத்தான் தெரியும், படிக்க யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஓட்டையைப் பார்ப்பேன், அதைத் தாண்டி என் கண் போகாது.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை ஹில்டா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். எத்தனையோ முறை வந்திருக்கிறாள். அந்தப் பெட்டிப் பக்கம் திரும்பினதில்லை. அன்று டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தவள், அதன் முன்னால் போய் நின்றாள்.

“அப்பா, இது ரெண்டும் ஒரே ஆளா?”

“ஆமாம்மா. பெயர் போட்டிருக்கே.”

“இல்லப்பா.” அவள் முதல் படத்தின்மேல் விரலை வைத்தாள். “வலது பக்கம் நாலாவது விலாவைப் பாருங்க. முன்னாடி ரெண்டாப் பிரிஞ்சிருக்கு. சிலருக்குப் பிறவியிலேயே இப்படி இருக்கும். ரெண்டாவது படத்துல அது இல்லை. ஓட்டை ஆறும்ப்பா, விலா எலும்பு மூணு மாசத்துல ஒண்ணா சேராது.”

பிறகு ஓரத்திலிருந்த பெயரைப் படித்தாள். தேதியைப் படித்தாள். தனக்கு மேலே இருந்து சேராமல் போன பெண்ணின் பெயர் அவளுக்கு மறந்திருக்காது. பலகையில் அந்தப் பத்துப் பெயரையும் மனப்பாடமாகப் படித்தவள். என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. வெள்ளை மை எழுத்தையே பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்.

“அப்போ இந்த விலா யாரோடதுப்பா?”

அவள் உள்ளே போய் 1967-ஆம் வருடப் பதிவேட்டை எடுத்தாள். கிளியம்மாளுக்கு அடுத்த எண் செல்லியம்மாள், வயது இருபத்திரண்டு, குரோம்பேட்டை. சாப்பாட்டுக் கேரியரை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

உங்கள் மேஜைமேல் இப்போது மூன்று படங்கள் இருக்கின்றன. இரண்டு எங்கள் கிளினிக்கிலிருந்து வந்தவை. மூன்றாவதைச் சம்பந்தத்தின் வீட்டிலிருந்து ஹில்டாவே வாங்கிவந்து உங்களிடம் கொடுத்தாள் என்று சொன்னீர்கள். மனைவியின் போட்டோ ஒன்றும் இல்லாததால் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, ஐந்து வருடம் பூ வைத்திருந்தானாம். அது கிளியம்மாளின் நெஞ்சு என்று அவனிடம் யாராவது சொல்லிவிட்டார்களா? சொல்லாவிட்டால் சொல்ல வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

ஆக, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். கிளியம்மாளின் இடத்தை எடுத்தது நான். அவள் காதைக் கெடுத்தது நான். செல்லியம்மாளைக் கொன்றதும் நான்தான். ஒரே நாளில் கொல்லவில்லை, ஐந்து மாதம் பிடித்தது. ரத்தினபாய்க்கோ ஹில்டாவுக்கோ டாக்டருக்கோ ஒன்றும் தெரியாது. எந்தத் தண்டனையானாலும் சரி.

கடைசிப் பரீட்சை எழுதப் போவதில்லை என்று ஹில்டா கல்லூரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாக நேற்று ரத்தினபாய் வந்து அழுதாள். அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. அந்த இடத்துக்கு இப்போது அடுத்த பெயர் என்று யாரும் கிடையாது. அது வீணாகப் போகும். தயவுசெய்து நீங்கள் கூப்பிட்டுச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பாள். ஐந்து வருடம் எத்தனை பெரிய டாக்டர்கள் அந்தப் படங்களுக்கு முன்னால் நின்றார்கள்! ஒருவர் கண்ணிலும் படாத விலா எலும்பு என் மகள் கண்ணில் ஒரே பார்வையில் பட்டது. இப்போது சொல்லுங்கள் ஐயா, நான் தகுதியில்லாதவளுக்கா இடம் வாங்கிக் கொடுத்தேன்?